பச்சோந்தி வளர்ப்பு பண்ணைத் தொழில் ஆகுமா?

2012ஆம் ஆண்டை ஈரோடு மாவட்டத்து விவசாயிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஈமு என்னும் ஆஸ்திரேலியப் பறவையை வளர்த்தால் மாதந்தோறும் பணம் வரும், அதன் கறிக்கும் எண்ணெய்க்கும் தோலுக்கும் பெருங்கிராக்கி இருக்கிறது என்று சொன்ன நிறுவனங்களை நம்பி, நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் முதலீடு செய்தவர்கள் பலர். அவ்வாண்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தபோது பணமும் போயிற்று. தீனியின்றிப் பறவைகளும் மடிந்தன. எஞ்சியவற்றுக்கு அரசே தீனி போட நேர்ந்தது. இதில் பறவையின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. வாங்குவதற்கு ஆளில்லாத ஒரு பிராணியை, விற்றவர் போட்டுக் காட்டிய கணக்கை மட்டும் நம்பி, தொழுவத்தில் கட்டியதுதான் தவறு.

அந்த வடு ஆறுவதற்குள் வேறொரு ஆசை தலைதூக்குகிறது. அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கும் பழக்கம் நம் நகரங்களில் பரவி வருகிறது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து ஆமை, பல்லி, பாம்பு முதலியவற்றைச் சுங்கத்துறையினர் கைப்பற்றும் செய்திகள் அடிக்கடி நாளிதழ்களில் வருகின்றன. மேலை நாடுகளில் வண்ணப் பச்சோந்தி ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் விலை என்று கேள்விப்படும் இளைஞர், முயலும் காடையும் வளர்ப்பதைவிட இது மேல் அல்லவா என்று எண்ணுவதில் வியப்பில்லை. அரிய உயிரினத்தைக் காப்பாற்றிய புண்ணியமும் சேரும் என்று வேறு சொல்லப்படுகிறது. பணமும் புண்ணியமும் ஒரே கூண்டில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், விவசாயி கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடலாம். நம் நாட்டில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே இனந்தான். அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். அயல்நாட்டுப் பச்சோந்திகள் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் அடங்கியவை. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு அப்பட்டியல் நம் சட்டத்திலும் இடம் பெற்றுவிட்டது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய பிராணியை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆவணமின்றிப் பெட்டிக்குள் வந்த பிராணிக்குப் பதிவு எங்கே கிடைக்கும்? ஆகவே "வாங்கிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகர், வாங்குபவரின் தலையில்தான் கத்தியைத் தொங்க விடுகிறார்.

சட்டம் தடுக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், சட்டம் மாறினால் செய்யலாம் போலும் என்று தோன்றும். ஆகவே பிராணியின் இயல்பையே பார்ப்போம்.

கூண்டுக்குள் ஒரு மலைக்காடு

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் மட்டுமே வாழ்பவை. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் கண்டத்தில், அதிலும் கென்யா, தான்சானியா, கேமரூன் நாடுகளின் மலைக்காடுகளில் இருப்பவை. அரியவை என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் இந்த மலைக்காட்டு இனங்களே. ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இராது. பகலில் 25 டிகிரி செண்டிகிரேடு அளவில் வெப்பம், இரவில் 15 டிகிரிவரை இறங்கும் குளிர், காலையில் மூடுபனி, எந்நேரமும் அசையும் காற்று. இவற்றில் பழகிய உடம்பு அது. இரவுக் குளிர்ச்சி இல்லாவிட்டால் அதன் உடம்புக்கு ஓய்வு இல்லை. தீனியைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டே பகலைக் கழித்து, சில வாரங்களில் செத்துவிடும். திருச்சியிலோ சேலத்திலோ சித்திரை மாதத்தில் இதை வளர்க்க வேண்டுமானால் குளிர்சாதன அறை வேண்டும். மின்சாரம் நின்ற இரவுகளுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

தண்ணீரைப் பாத்திரத்தில் வைத்தால் பெரும்பாலான பச்சோந்திகளுக்கு அது தண்ணீர் என்றே தெரியாது. இலையில் உருண்டு நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே நாள்தோறும் பலமுறை இலைகளின் மேல் பனிபோல் நீர் தெளிக்க வேண்டும். தெளித்த ஈரம் அடுத்த தெளிப்புக்குள் காயவும் வேண்டும். காயாமல் கூண்டு எப்போதும் ஈரமாகவே இருந்தால் தோல் நோயும் நுரையீரல் நோயும் பற்றும். கண்ணாடிப் பெட்டியில் காற்றோட்டம் போதாது என்பதால்தான் அனுபவசாலிகள் வலைக்கூண்டை நாடுகிறார்கள். வலைக்கூண்டிலோ ஈரம் நிற்பதில்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். நிழலும் வேண்டும், காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கவும் கூடாது.

அடுத்தது வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் உயிர்ச்சத்து டி உண்டாகும். அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் வளர்க்கும் பச்சோந்திக்கு அதற்கென்றே செய்த விளக்கு வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சில மாதங்களில் அந்தக் கதிரின் வீரியம் குறைந்துபோகும். வெளிச்சத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கால் வளைந்து, தாடை மென்மையாகி, நாக்கை நீட்ட முடியாமல் போகும்போதுதான் தெரியும். சுண்ணாம்புச் சத்து குறைந்த தீனியில் கோழிக் குஞ்சுகளுக்குக் கால் மடங்குமே, அதே நோய்தான். ஆனால் கோழிக்குத் தீனி மாற்றினால் சரியாகலாம். வளைந்துபோன பச்சோந்தியின் எலும்பு நிமிர்வதில்லை.

தீனி உயிருள்ள பூச்சியாக இருக்க வேண்டும். அசையாத இரையைப் பெரும்பாலும் தொடாது. வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமே என்று தோன்றும். மருந்து தெளித்த வயலின் வெட்டுக்கிளி, பச்சோந்திக்கு நஞ்சு. ஆகவே பாச்சையையும் ஈயையும் தனியே வளர்க்க வேண்டும். அந்தப் பாச்சைக்கும் கீரை, காரட், தவிடு என்று நல்ல தீனி கொடுத்து, பிறகு சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிப் போட வேண்டும். புதிதாகப் பொரித்த குஞ்சு தீக்குச்சித் தலையளவு பூச்சியைத்தான் விழுங்கும். நாளைக்குப் பலமுறை தீனி கேட்கும். முப்பது குஞ்சு பொரித்துவிட்டால், பச்சோந்திப் பண்ணை என்ற பெயரில் உண்மையில் நடப்பது பூச்சிப் பண்ணைதான்.

இவ்வளவும் செய்தாலும், இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் விட முடியாது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தால்கூட இரண்டும் கறுத்துப்போய்த் தீனி எடுக்காது. பச்சோந்தி நிறம் மாறுவது சுற்றுப்புறத்துக்கு ஏற்ப ஒளிந்துகொள்ளத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியமாக அது கோபம், பயம், இணைசேரும் விருப்பம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் காட்டும் மொழி. தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் இந்த நிறமாற்றம் நிகழ்கிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் கண்டறிந்தனர். சினையான பெண் பச்சோந்தி கறுத்து, வாயைப் பிளந்து ஆணை விரட்டும். அந்த மொழி தெரியாதவர் கூண்டில் சேர்த்து வைத்தால், காலையில் ஒன்று காயத்துடன் கிடக்கும்.

முட்டையின் கணக்கு

பண்ணைத் தொழில் என்றால் காலக்கணக்கு முக்கியம். காடை முட்டை 17, 18 நாளில் பொரிக்கும். கோழி முட்டைக்கு 21 நாள். பச்சோந்தியின் கணக்கே வேறு.

மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி, வளர்ப்பவர்களிடையே மிகவும் விரும்பப்படுவது. இதன் முட்டை பொரிக்க 6 மாதம் முதல் 12 மாதம் வரை ஆகும். ஒரே குழியில் இட்ட முட்டைகள்கூட வெவ்வேறு நாளில் பொரிப்பதுண்டு. கரு தொடக்கத்திலேயே உறக்கநிலைக்குப் போய்விடுவதுதான் காரணம். நிலக்கடலையில் கொடி ரகங்களின் விதைக்கு உறக்கம் இருப்பதை விவசாயிகள் அறிவார்கள். அதுபோலத்தான் இதுவும். சில வாரக் குளிர்ச்சி கிடைத்த பிறகு வெப்பம் ஏறினால்தான் கரு ஒழுங்காக வளரும். அவசரப்பட்டு எப்போதும் சூடாகவே வைத்திருந்தால் குஞ்சு நலிந்து பிறக்கிறது, அல்லது முட்டைக்குள்ளேயே சாகிறது. முட்டைகளை வெர்மிகுலைட்டில் பாதி புதைத்து வைப்பார்கள். நாற்றங்கால் போடுபவர்கள் பயன்படுத்தும் அதே பொருள்தான். கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். இந்தப் பதத்தை ஓராண்டுக் காலம் மாறாமல் வைத்திருக்க வேண்டும்.

பச்சோந்தி இனங்களிலேயே உருவில் பெரியவற்றுள் ஒன்றான பார்சன் பச்சோந்தியோ இதற்கும் மேல். ஆண் முக்கால் மீட்டர் நீளத்தை நெருங்கும். பருவம் அடையவே மூன்று முதல் ஐந்து ஆண்டு. முட்டை பொரிக்க ஓராண்டு முதல் இரண்டாண்டு. ஆக, இன்று குஞ்சு வாங்குபவர் அதன் குஞ்சைக் காண்பதற்குள் நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வந்துவிடும். தென்னையை நட்டவர் இடையில் ஊடுபயிராவது போடலாம்.

இதற்கு நேர்மாறானது தென்மேற்கு மடகாஸ்கரின் வறண்ட காட்டில் வாழும் லபோர்டு பச்சோந்தி. அதன் வாழ்க்கையைக் கேட்டால் மானாவாரி விவசாயிக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும். நவம்பரில் முதல் மழையோடு எல்லாக் குஞ்சும் ஒன்றாகப் பொரிக்கின்றன. இரண்டே மாதத்தில் பருவமடைந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு, மழைக்காலம் முடிவதற்குள் தாயும் தகப்பனும் செத்துவிடுகின்றன. பிறகு எட்டு, ஒன்பது மாதம் அந்த இனம் முழுவதுமே மண்ணுக்குள் முட்டையாகக் கிடக்கிறது. கோடையில் அந்தக் காட்டில் தேடினால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. 2008இல் இச்செய்தி வெளியானபோது, நான்கு கால் உள்ள பிராணிகளில் இவ்வளவு குறுகிய ஆயுள் உண்டா என்று அறிவியல் உலகமே வியந்தது. இதன் நெருங்கிய உறவான வோல்ட்ஸ்கோ பச்சோந்தி 1913க்குப் பிறகு காணப்படவே இல்லை. அழிந்துபோயிருக்கலாம் என்று அஞ்சப்பட்டது, 2018இல் வடமேற்கு மடகாஸ்கரில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் இனமாகவே தெரிகிறது. இத்தகைய இனத்தைக் கூண்டில் அடைத்து வருடம் முழுதும் தீனி போட்டு வளர்ப்பது, குறுகியகாலப் பயிரை ஆண்டு முழுவதும் வயலில் நிறுத்த நினைப்பது போன்றது.

பெண் பச்சோந்தி படும் பாட்டையும் சொல்ல வேண்டும். ஏமன் நாட்டைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தி ஆணுடன் சேராமலேயே முட்டை இடும். தீனியை அதிகமாகப் போடப் போட முட்டை எண்ணிக்கையும் பெருகும். ஒரே தடவையில் ஐம்பது, அறுபது என்று இடுவதும் உண்டு. விற்பவருக்கு இது மகிழ்ச்சியாக இருக்கலாம். தாயின் ஆயுள் அதனால் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. முட்டையிடத் தோதான ஈரமணல் ஆழமாக இல்லாவிட்டால், முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்திருந்து செத்துவிடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனாலும், பசுவும் ஆடும் கோழியும் பார்த்துப் பழகியவருக்கு இதை அறுத்து முட்டை எடுக்கும் பழக்கம் இருப்பதில்லை. அது அவர் குறையல்ல.

"காப்பாற்றவே வளர்க்கிறோம்"

அரிய இனத்தைக் கூண்டில் பெருக்கினால் காட்டில் உள்ளவை பிழைக்கும் என்ற வாதத்தைப் புறங்கையால் தள்ளிவிட முடியாது. மேலை நாட்டு வளர்ப்பாளர்கள் பலர் பொறுமைசாலிகள். முட்டையின் உறக்கநிலை, இரவுக் குளிர்ச்சியின் அவசியம் போன்றவற்றில் ஒரு பகுதி அவர்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்ததால்தான் இன்று தெரிகிறது. முக்காட்டுப் பச்சோந்தியும் சிறுத்தைப் பச்சோந்தியும் அமெரிக்கா, ஐரோப்பா சந்தைகளில் இன்று பெரும்பாலும் கூண்டில் பிறந்தவையே. அந்த அளவுக்குக் காட்டில் பிடிப்பது குறைந்திருக்கும். இது நன்மைதான்.

ஆனால் இந்த இரண்டும் அரியவை அல்ல. தாங்கும் உடம்பு உள்ளவை, சீக்கிரம் பருவமடைபவை, நிறைய முட்டை இடுபவை. அதனால்தான் வெற்றி கிடைத்தது. மலைக்காட்டு இனங்களில் அந்த வெற்றி கிட்டவில்லை. அவற்றைக் காட்டிலிருந்தே பிடித்தார்கள். வயிறு நிறையக் குடற்புழுவோடும், பயணத்தில் நீரின்றி வற்றிய உடம்போடும் வந்து சேர்ந்தவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. மடிந்த இடத்துக்கு மீண்டும் காட்டிலிருந்தே பிடித்தார்கள். மடகாஸ்கரிலிருந்து பச்சோந்தி ஏற்றுமதி அளவு மீறியதால்தான் 1995இல் நான்கு இனங்கள் தவிர ஏனைய பெரும் பச்சோந்தி இனங்களின் வணிகத்தை நிறுத்திவைக்குமாறு பன்னாட்டு உடன்படிக்கை அமைப்பு பரிந்துரைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே, ஆய்வின் பேரில், சிலவற்றுக்குச் சிறு ஒதுக்கீடு அனுமதிக்கப்பட்டது. தான்சானியா 2016இல் உயிருள்ள வனவிலங்கு ஏற்றுமதிக்கே தடை போட்டது.

"கூண்டில் பிறந்தது" என்ற சீட்டை எந்த அளவு நம்பலாம்? பச்சோந்தியில் அல்ல, பாம்பில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்தோனேசியாவிலிருந்து பண்ணையில் பிறந்தவை என்று சான்றளித்து ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிபட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்டில் பிடிக்க ஒரு நாள் கூலி, பண்ணையில் வளர்க்க இரண்டாண்டுச் செலவு. விலை ஒன்றுதான் என்றால் எது நடக்கும் என்று சந்தைக்குப் போய் வருபவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தப்பிப்போனவை கதை வேறு. 1972ஆம் ஆண்டு ஹவாய் தீவில் ஒரு செல்லப்பிராணி வியாபாரி கென்யாவிலிருந்து சில டசன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். முகத்தில் மூன்று கொம்பு உடையவை. வந்து சேர்ந்தபோது மெலிந்து கிடந்தன. தேறட்டும் என்று இரக்கப்பட்டுத் தோட்டத்தில் விட்டார். குட்டி போடும் இனம் அது, முட்டையிட்டு அடைகாக்கும் தொல்லை இல்லை. ஈரமும் குளிர்ச்சியும் ஒத்துப்போக, தீவெங்கும் பரவிவிட்டன. பிறகு அடுத்தடுத்த தீவுகளுக்கும் மனிதர் கையாலேயே போய்ச் சேர்ந்தன. ஹவாயில் மட்டுமே வாழும் அரிய மரநத்தைகளை இவை தின்பது பிற்காலத்தில் வயிற்றைச் சோதித்தபோது தெரிந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. பார்த்தீனியமும் ஆகாயத்தாமரையும் வந்த வழியை அறிந்த நம் ஊர்க்காரர்கள் இந்தக் கதையில் புதிதாக எதையும் காண மாட்டார்கள். முக்காட்டுப் பச்சோந்தி புளோரிடாவில் இதேபோல் நிலைகொண்டுவிட்டது.

கூண்டில் பெருக்குவதில் முழு வெற்றி கிடைத்தாலும் கேள்வி தீர்வதில்லை. 1976இல் சென்னைக்கு அருகே தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை இதற்கு நல்ல சாட்சி. அழியும் நிலையிலிருந்த சதுப்புநில முதலையை அங்கே பெருக்கினார்கள். ஆயிரக்கணக்கில் பெருகிற்று. வளர்ப்பு முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடுவதற்கு ஆறும் ஏரியும் வேண்டுமே! 1990களின் நடுவில் காட்டில் விடுவது நின்றது. பிறகு முட்டைகளை எடுத்துவிட்டு இனப்பெருக்கத்தைத் தடுக்க வேண்டிய நிலையும் வந்தது. முதலைக்கே இப்படி என்றால், ஒரே மலையின் ஒரே காட்டில் வாழும் பச்சோந்திக்கு அந்தக் காடு போனபின் கூண்டில் ஐந்நூறு இருந்து என்ன பயன்?

மலாவி நாட்டின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்குள்ள மலாவிக் குன்றுகளில் மட்டும் வாழ்வது சாப்மன் குள்ளப் பச்சோந்தி. ஐந்தரை சென்டிமீட்டர் நீளந்தான், ஆள்காட்டி விரலைவிடச் சிறியது. 1992இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. குன்றுகளில் காடு வேகமாக வெட்டப்பட்டுப் பயிர் நிலமாவதைக் கண்டு, 1998இல் 37 பச்சோந்திகளைப் பிடித்து வடக்கே வேறொரு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கூண்டில் அல்ல, காட்டில். 2012இல் போய்ப் பார்த்தபோதும் அவை அங்கே இருந்தன. சொந்தக் குன்றுகளில் முற்றிலும் அழிந்திருக்கும் என்று அஞ்சிக்கொண்டிருந்தபோது, 2016இல் துண்டு துண்டாக எஞ்சிய காட்டில் மீண்டும் தென்பட்டன. 1980களின் நடுவிலிருந்து அந்தக் குன்றுகள் ஐந்தில் நான்கு பங்கு காட்டை இழந்துவிட்டன. துண்டுகளுக்கு இடையே உள்ள திறந்த நிலத்தைத் தாண்டி இந்தச் சிற்றுயிரால் போக முடிவதில்லை என்பது மரபணுச் சோதனையில் தெரிகிறது. காட்டை வெட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர், சோளம் விதைக்க நிலம் தேடிய ஏழை விவசாயிகள். ஆகவே அங்கே அந்த இனத்தின் தலைவிதி, மலையடிவாரத்துக் குடியானவனின் விளைச்சலோடு பிணைந்து கிடக்கிறது. இருக்கும் நிலத்தில் விளைச்சல் கூடினால் காட்டின் மேல் கை வைக்கும் தேவை குறையும். கூண்டுக்கும் விளக்குக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போனால் அதிகம் பயன் தரும்.

உயிரியல் பூங்காக்களும் ஆய்வு நிலையங்களும் அரிய இனங்களை வைத்துப் பெருக்க வேண்டிய தேவை சில வேளை வரும். காடு எரிந்து, நாலைந்து உயிர்களே எஞ்சிய நேரத்தில் வேறு வழியில்லை. அதற்கு வம்சாவளிப் பதிவேடு, மருத்துவர், பல தலைமுறைக்கான செலவு, திருப்பி விடுவதற்கு ஓர் இடம் ஆகிய எல்லாம் வேண்டும். அது பொதுப்பணத்தில் நடக்க வேண்டிய காவல் பணி. உபதொழிலாக வீட்டுக் கொல்லையில் செய்யும் காரியமல்ல. இலாபத்துக்கு வளர்ப்பவர் இலாபம் நின்ற நாளில் நிறுத்திவிடுவார். ஈமுப் பறவைகள் அதைத்தான் காட்டிச் சென்றன.

வேலியில் இருக்கும் விருந்தாளி

மடகாஸ்கர் வரை போய்ப் பச்சோந்தியைத் தேடும் ஆர்வத்தில் கால்பங்கு நம் வேலியில் இருப்பதன் மேல் விழுந்தால் நன்றாக இருக்கும். கழுத்துச் சிவந்து தலையாட்டும் ஓணானைப் பலர் பச்சோந்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வேறு. உண்மையான பச்சோந்தி மெல்ல நடக்கும், காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து அடியெடுத்து வைக்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். இரண்டு கண்ணும் தனித்தனியே சுழலும். வாலைச் சுருள் வைத்திருக்கும். புதர்க்காடுகளிலும், வேம்பு, புளி, கருவேல மரங்களிலும், பழைய உயிர்வேலிகளிலும் வாழ்வது. இலங்கையிலும் உண்டு.

பயந்தால் உடம்பை ஊதி, வாயைப் பிளந்து சீறும். அதைக் கண்டு விஷப்பிராணி என்று கல்லெறிந்து கொல்கிறார்கள். அதற்கு விஷம் கிடையாது. கடித்தாலும் சிறு கிள்ளல்தான். தின்பது வெட்டுக்கிளியும் ஈயும் புழுவும். இதனால் மருந்துச் செலவு மிச்சமாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஒரு வேலியில் ஒன்றோ இரண்டோ இருக்கும் பிராணி ஏக்கர் கணக்கில் பூச்சியைக் கட்டுப்படுத்தாது. அதை அப்படிப் புகழ்ந்து விற்பவரையும் நம்ப வேண்டாம். ஆனால் அது இருக்கும் வேலியில் தேனீயும் குளவியும் குருவியும் இருக்கும். கிளுவை வேலியை வெட்டிக் கம்பிவேலி போடும் தோட்டத்திலிருந்து இவை எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டுப் போகின்றன. வேலியைக் கவாத்து செய்ய வேண்டுமானால் ஒரே மூச்சில் முழுவதையும் மொட்டையடிக்காமல், இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று செய்யலாம். வெட்டிய முள்ளை அங்கேயே கொளுத்துவதைத் தவிர்க்கலாம். தீயைக் கண்டு ஓடும் வேகம் இதற்கு இல்லை.

சாலையைக் கடக்கும் பச்சோந்தியைக் கண்டால், கையால் இழுக்காமல் ஒரு குச்சியை முன்னால் நீட்டினால் தானே பற்றி ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே புதரில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. யாராவது வாங்கவோ விற்கவோ வந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தையொட்டிப் பெண் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்கி, மண்ணில் குழி தோண்டிப் பத்து முதல் முப்பது வரை முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். வரப்பு வெட்டும்போதோ வேலியோரம் குழியெடுக்கும்போதோ வெண்ணிறமான சிறு முட்டைகள் குவியலாகக் கிடைத்தால், கூடுமானவரை தொடாமல் அப்படியே மண்ணைத் தள்ளி மூட வேண்டும். கோழி முட்டையைப்போல் இவற்றைத் திருப்பிப் போடக் கூடாது. மேல்பக்கம் கீழாகப் புரண்டால் கரு மூழ்கிச் செத்துவிடும். ஒரு குச்சியை அடையாளமாக நட்டு, அந்த இடத்தில் மண்வெட்டி படாமல் அடுத்த சில மாதங்களுக்குப் பார்த்துக்கொண்டால் போதும்.